கிணற்றில் விழுந்த பிள்ளை



நமதாண்டவர் ஓர் ஓய்வுநாளிலே பரிசேயத் தலைவன் ஒருவனுடைய வீட்டுக்கு விருந்துண்ணப் போயிருந்தார். நீர்க்கோவை நோயால் உடல் வீங்கிய மனிதன் ஒருவன் அங்கே அவர் முன்னால் நின்றான். ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்குவது சரியா, பிழையா என்று அவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மனிதனைத் தொட்டுக் குணப்படுத்தி அனுப்பிவிட்டு, ஆண்டவர் அவர்களிடம் இன்னொன்றைக் கேட்டார். தம்முடைய பிள்ளையோ மாடோ கிணற்றுக்குள் விழுந்துவிட்டால், ஓய்வுநாள் கழியட்டும் என்று உங்களில் எவனாவது கை கட்டிக்கொண்டு நிற்பானா என்பதே அக்கேள்வி. லூக்காஸ் நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கலாம். பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் பிள்ளை என்ற இடத்தில் கழுதை என்று இருக்கிறது. ஆனால் மிகப் பழைய பிரதிகளுள் முக்கியமானவை பிள்ளை என்றே கூறுகின்றன.

ஆண்டவர் இந்த உதாரணத்தை ஏன் எடுத்தார்? பலஸ்தீன நாட்டு மக்கள் கிணற்றையும் மழைநீர்த் தொட்டியையும் நம்பி வாழ்ந்தவர்கள். பிள்ளை கிணற்றில் விழுந்தது என்றால் அங்கே விளக்கம் கேட்பார் இல்லை. அப்படிப்பட்ட சாவீடுகளுக்குப் போய் வந்தவர்கள் அந்தப் பந்தியிலேயே இருந்திருப்பார்கள்.

வவுனியாவிலும் விளக்கம் தேவையில்லை. இங்கே ஊரின் பெயரைச் சொன்னாலே குளத்தின் பெயரைச் சொன்னதாகிவிடும். இறம்பைக்குளம், பண்டாரிகுளம், வைரவபுளியங்குளம், வேப்பங்குளம், தாண்டிக்குளம், செட்டிகுளம், பாவற்குளம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். தண்ணீர் இருந்த இடத்தில்தான் நம் முன்னோர் குடியிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிரம்பி மார்கழியில் வான் பாய்கின்றன. கோடையில் அடியில் கிடந்த கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. கிரவல் அகழ்ந்த கிடங்குகளும், கல் அரிய மண் எடுத்த கிடங்குகளும் சின்னக் குளங்களாகி, எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் நிற்கின்றன. அந்த வேளையிலேதான் பள்ளிக்கூட விடுதலையும் வருகிறது. வீட்டிலே பெரியவர்கள் நத்தார்ப் பலகாரத்திலும் வயல் வேலையிலும் மூழ்கியிருக்கிறார்கள். மார்கழி 28-ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். ஏரோதனின் வாளுக்கு இரையான பெத்லகேம் பாலகரை நினைந்து நாம் வருந்துகிறோம். நம்முடைய வளவிலே வாளும் இல்லை, ஏரோதனும் இல்லை. கட்டில்லாத கிணறு ஒன்று இருக்கிறது.

இதைப் பிரசங்க மேடையில் பேச வேண்டுமா, இது சுகாதாரப் பகுதியாரின் வேலையல்லவா என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் மோயீசனின் சட்டத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில், புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இறைவன் கட்டளையிடுகிறார். எவனாவது அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே அவர் காட்டும் காரணம். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரமோ இன்னும் நெருங்கி வருகிறது. ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டு, அயலானின் மாடோ கழுதையோ அதில் விழுந்து செத்தால், குழிக்குச் சொந்தக்காரனே நட்டத்தைக் கொடுக்க வேண்டும். கவனியுங்கள்: அவன் மாட்டைத் தள்ளிவிடவில்லை. அதன்மேல் அவனுக்குப் பகையும் இல்லை. மூடாமல் விட்டான், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ இறைவனின் நீதிமன்றத்தில் செல்லவில்லை. கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கட்டளையை நாம் கத்தியோடும் துவக்கோடும் மட்டும் சேர்த்துப் படித்துவிட்டோம். அந்தக் கட்டளைக்குள் சீமெந்தும் செங்கல்லும் கூட இருக்கின்றன.

பிள்ளை தண்ணீரில் போன வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்கள் உண்டு. விதி முடிந்துவிட்டது என்பார் ஒருவர். ஆண்டவருக்கு அந்தப் பூ வேண்டியிருந்தது, பறித்துக்கொண்டார் என்பார் மற்றொருவர். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் திருச்சபையின் விசுவாசம் அதுவல்ல. இறைவன் சாவை உண்டாக்கவில்லை, உயிர்கள் அழிவதில் அவருக்கு மகிழ்ச்சியும் இல்லை என்று ஞானாகமம் முதலாம் அதிகாரம் தெளிவாகக் கூறுகிறது. இச்சிறுவரில் ஒருவன்கூட அழிந்துபோவது தம் தந்தையின் சித்தமல்ல என்று யேசுநாதரும் சொன்னார். பிள்ளையைத் தேடி அழும் தாயிடம் போய், உன் பிள்ளையைக் கடவுள்தான் கேட்டார் என்று சொன்னால், அவள் அன்றிரவு யாரிடம் செபிப்பாள்? அவளருகே இருந்து அழுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

2004-ஆம் ஆண்டு மார்கழி 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று திருக்குடும்பத் திருநாள். அன்று காலையிலே முல்லைத்தீவுக் கரையைக் கடல் விழுங்கியது. இலங்கை முழுவதும் 30,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களிலே பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த அலை வருகிறது என்று கரையில் இருந்தவர்களுக்கு அறிவித்தவர் இல்லை. தாயின் கையிலிருந்தே பிள்ளையைத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அந்தத் துயரத்தின்முன் யாரையும் குற்றம் சொல்ல நமக்கு வாய் இல்லை. கிணறு அப்படியல்ல. அது நேற்றும் அங்கேதான் இருந்தது, நாளையும் அங்கேதான் இருக்கும்.

தண்ணீரில் பிள்ளைகள் எப்படி இறக்கிறார்கள் என்பதைப் பலர் பிழையாகவே விளங்கி வைத்திருக்கிறார்கள். கூக்குரல் கேட்கும், கையைக் காலை அடிக்கும், ஓடிப்போய்த் தூக்கலாம் என்று எண்ணுகிறார்கள். சின்னப் பிள்ளை சத்தம் போடுவதில்லை. மூச்சு எடுக்கவே வழியில்லாதபோது அது எப்படிக் கத்தும்? தலை பாரமானபடியால் குப்புற விழுந்தால் எழும்பத் தெரியாது. பாதி நிரம்பிய வாளியும், உடுப்புத் தோய்க்கும் பேசினும் தவழும் குழந்தைக்குப் போதும். மூச்சு நின்று நாலைந்து நிமிடத்துக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. அடுப்பிலே தேங்காய்ப்பால் பொங்கி வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய் வரும் நேரம் அது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் உலகத்தில் ஏறக்குறைய 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை. அதே ஆண்டிலே ஐக்கிய நாடுகள் சபை யூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாகக் குறித்தது. நம்மைப்போலக் குளமும் குட்டையும் நிறைந்த வங்காளதேசத்தில் இதை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே சிறு குழந்தைகளின் மரணங்களில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து 20 மீற்றருக்குள்ளேயே நடந்தன. அநேகமாகக் காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில், தாய் சமையலிலும் தோய்ச்சலிலும் இருக்கும் நேரத்தில் நடந்தன. ஊருக்குள் ஒரு வீட்டில் அந்தக் காலை வேளைக்கு மட்டும் குழந்தைகளைச் சேர்த்து, பொறுப்பான ஒரு பெண்ணைப் பார்க்க வைத்தபோது அந்த மரணங்கள் பெருமளவு குறைந்துபோயின. மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை. ‘இப்போது பார்க்க வேண்டியது நான்’ என்று தெரிந்த ஒருத்தி இருந்தாள்.

இந்த இடத்தில் திருக்குடும்பத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து திரும்புகையில், பன்னிரண்டு வயது யேசு பின்தங்கியதை மரியன்னையும் சூசையப்பரும் அறியவில்லை. பயணிகளின் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். அக்காலத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனிக் கூட்டமாகப் போவார்கள், ஆகையால் தாய் தந்தையோடு என்றும் தந்தை தாயோடு என்றும் நினைத்தார்கள் என்று விரிவுரையாளர் சிலர் கூறுவர். மாசற்ற தாய் அவர்; நீதிமானாகிய தந்தை இவர். அன்பிலே குறை சொல்ல யாரால் முடியும்? ஆனாலும் ஒரு பகல் முழுவதும் பிள்ளை எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய அன்புக்கே ‘அங்கே இருப்பார்’ என்ற எண்ணம் இந்த வேலையைச் செய்ததென்றால், நம்முடைய வீடுகளைப் பற்றி என்ன சொல்வது! அம்மம்மாவோடு நிற்கிறான் என்று தாய் நினைக்கிறாள். தாய் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று அம்மம்மா நினைக்கிறாள். மாமன் வந்திருக்கிறார், அவர் மடியில் இருப்பான் என்று தகப்பன் நினைக்கிறார். சாமத்தியச் சடங்கு, கலியாணம், திருநாள் என்று வீட்டில் ஆட்கள் கூடும்போதுதான் பிள்ளை தனித்துவிடுகிறது. நாற்பது பேர் நிற்கும் வளவில் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை.

ஆகவே இதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிள்ளையை ஒருவரிடம் விட்டுப் போகும்போது பெயர் சொல்லி ஒப்படையுங்கள். “அம்மா, தம்பியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கோ, நான் கிணற்றடிக்குப் போறன்” என்று சொல்லி, அவர் “ஓம்” என்ற பிறகு போங்கள். அந்த ‘ஓம்’ வராவிட்டால் பிள்ளை இன்னும் உங்கள் பொறுப்புத்தான். தாய் வெளிநாட்டில் உழைக்க, மூட்டு வருத்தத்தோடு பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாமார் நம் பங்குகளில் அநேகர். ஓடும் பிள்ளையின் பின்னால் அவர்களால் ஓட முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கிணற்றுக் கட்டும் படலையும் இரண்டு மடங்கு அவசியம்.

கட்டு என்றால் எவ்வளவு உயரம்? நடக்கும் குழந்தை எக்கி ஏறமுடியாத மூன்றரை அடியாவது வேண்டும். அதற்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளியையோ தோய்க்கிற கல்லையோ வைத்தால் கட்டின் பயன் போயிற்று; பிள்ளைக்குப் படி கட்டிக் கொடுத்ததாகும். வாயின்மேல் கம்பி வலை மூடி போட்டால் இன்னும் நல்லது. தோட்டங்களில் அகலமாக வெட்டிய கிணறுகள் பல நிலத்தோடு நிலமாக வாய் திறந்து கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பக் காசில்லாதவர் முள்வேலியாவது அடைக்கலாம். முட்கம்பியும் கதிகாலும் நமக்குப் புதிதல்ல. மாடு உள்ளே வராமல் கத்தரித் தோட்டத்துக்கு எவ்வளவு கவனமாக வேலி அடைக்கிறோம்!

பாழடைந்த கிணறுகளைத் தனியே சொல்ல வேண்டும். 2009-இல் யுத்தம் முடிந்தபோது வன்னி மக்களில் பெரும்பகுதியினர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். 2012-இல்தான் அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது. திரும்பிப் போனவர்கள் தங்கள் வளவுகளில் கண்டது பற்றைக் காடு. அந்தப் பற்றைக்குள் பழைய கிணறுகள் மறைந்திருந்தன. சொந்தக்காரர் திரும்பாத காணிகளில் அவை இன்றும் மறைந்திருக்கக்கூடும். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அந்தப் பக்கம் காலடி வைக்கக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். அந்தப் பாடம் பிள்ளைகளைக் காப்பாற்றியது. கிணற்றுக்கு அப்படி ஒரு பலகை நட்டவர் யார்? அயல் காணியில் அப்படிக் கிணறு இருந்தால் கிராம சேவகரிடமும் பிரதேச சபையிலும் எழுத்தில் கொடுங்கள். பதில் வரும்வரை அதன் வாயில் முள்ளை வெட்டிப் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பிள்ளை விழுந்துவிட்டால்? நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்க வேண்டாம். ஒரு சாவீடு இரண்டாகிவிடும். கயிறு, நீண்ட தடி, மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்ரிக் கான் எதையாவது எறியுங்கள். கிணற்றடியில் எப்போதும் ஒரு நல்ல கயிறு தொங்கட்டும். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் கக்க வைப்பதும் நம்மூர் வழக்கம். அதை விட்டுவிட வேண்டும். அதனால் போவது நேரம் மட்டுமல்ல, கக்கியது மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும். மூச்சு இல்லையென்றால் நிமிர்த்திக் கிடத்தி, நாடியைச் சற்று உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்பும்படி மெதுவாக ஐந்து தரம் ஊதுங்கள். கைக்குழந்தையானால் வாயையும் மூக்கையும் சேர்த்தே உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். பிறகும் அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவே, நெஞ்சுத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் முப்பது தரம் அழுத்தி, மறுபடி இரண்டு தரம் ஊதுங்கள். உதவி வரும்வரை அப்படியே தொடருங்கள். இன்னொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கட்டும். 2016-இல் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. பிள்ளை கண் விழித்துப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் விடாதீர்கள். சில மணி நேரம் கழித்து நுரையீரல் மோசமாவதுண்டு. இதை வாசித்து மட்டும் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தார் பொம்மையை வைத்துக் கையோடு பழக்கிக் காட்டுவார்கள். ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கொடுக்க எந்தப் பங்கு மறுக்கும்?

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகளையும் ஓரிரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்கவும் கூடாது. அப்படியே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். மழைக்கு மின்சாரம் நின்றால் இன்றும் குப்பி விளக்குத்தான் வெளியே வருகிறது. அது சரிந்து எரிந்தவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, தட்டையான பக்கங்களும் திருகு மூடியும் உள்ள, உருளாத, கனத்த கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்து நாடெங்கும் பரப்பினார். 1998-இல் உலகப் பரிசும் பெற்றார். ஒரு வைத்தியர் காயத்துக்கு மருந்து கட்டியதோடு நில்லாமல் காயம் வந்த வழியை அடைக்கப் போனது எனக்குப் பெரிய பிரசங்கமாகத் தெரிகிறது. சுட்ட இடத்தில் பற்பசை பூச வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பாயில் படுக்கும் பிள்ளைக்கு நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிவிடுங்கள், விரியன் இரவில்தான் வரும். கடித்தால் கட்டவும் கீறவும் வேண்டாம், பார்வை பார்ப்பவரிடம் நேரம் போக்கவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்.

பிள்ளைகளைத் தண்ணீருக்குப் பயப்படுத்தி மட்டும் வளர்க்கலாமா? குளக்கட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாதென்பது வெட்கம். அதிலும் பெண்பிள்ளைகளுக்கு நாம் அதைக் கற்பிப்பதே இல்லை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீந்தவும் தண்ணீரில் ஒருவரைப் பத்திரமாகக் காப்பாற்றவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று. தினம் ஒரு மணி நேரமாவது பிள்ளை உடல் அசைந்து விளையாட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ரியூசனுக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையில் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று பெற்றோர் தேடிப் பார்க்கட்டும். நீந்தத் தெரிந்த பிள்ளையும் பெரியவர் இல்லாமல் குளத்தில் இறங்கக் கூடாது. துருசடியிலும் வான் பாயும் இடத்திலும் தேர்ந்த நீச்சல்காரரையே தண்ணீர் இழுத்துவிடும்.

ஞானஸ்நானத் தொட்டியடியில் பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் நிறுத்தித் திருச்சபை வாக்குக் கேட்கிறது. ஞானத்தாய் சங்கிலி போடுகிறாள், ஞானத்தந்தை உடுப்பு எடுக்கிறார். நல்ல வழக்கம்தான். ஆனால் ஞானப்பிள்ளையின் வீட்டுக் கிணற்றடியை எட்டிப் பார்த்த ஞானப் பெற்றோர் எத்தனை பேர்? அரைப் பவுணின் விலையில் எத்தனை கிணற்றுக்கு வலை மூடி போடலாம் என்று இரும்புக் கடையில் விசாரித்துப் பாருங்கள்.

பங்குகளில் வின்சென்ட் டி போல் சபையாரும் வாலிபரும் இந்த மாரிக்கு முன்பே வீடு வீடாகப் போய், சிறு பிள்ளை உள்ள வீடு எது, கட்டில்லாத கிணறு எது என்று ஒரு கொப்பியில் எழுதலாம். வசதியுள்ளவருக்குச் சொன்னால் போதும். வசதியில்லாதவருக்கு ஒரு மூடை சீமெந்தும் இரண்டு சனிக்கிழமை வேலையும் கொடுக்கலாம். சைவ வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்காமல் எல்லா வளவுக்கும் போங்கள். அளவுநாடாவைக் கையில் எடுத்துப் புறப்படும்போது, முதலில் கோவில் வளவுக்குள் இருக்கும் சுவாமியார் வீட்டுக் கிணற்றை அளந்துவிட்டுப் போங்கள்.